பக்கத்துக் கடைக்குக் கொடுத்த இரண்டு பலகைகள்

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையை ஒட்டி ஏறி வரும் என்று சொல்லப்பட்டபோது, டாம்பாவில் நான் பொறுப்பாளராக இருந்த மளிகைக் கடைக்கென்று வாங்கி வைத்திருந்த ப்ளைவுட் பலகைகளில் இரண்டைப் பக்கத்துத் தையல் கடைக்காரருக்குக் கொடுத்தேன். கடை என்னுடையதன்று, பலகையும் என்னுடையதன்று. குடும்பத்துடன் அட்லாண்டாவுக்குப் போயிருந்த கடை முதலாளி அண்ணாச்சி திரும்பி வந்ததும் மேற்குப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் மூடப்படாமல் இருப்பதைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கோபமே இல்லாத குரலில், “தம்பி, இது உன் சொந்தக் கடையா இருந்திருந்தா கொடுத்திருப்பியா?” என்று கேட்டார். “கொடுத்திருப்பேன் அண்ணாச்சி” என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் அரிசி மூட்டைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் இத்தனை ஆண்டுகளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரத்தில் ஒரு பலகைக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். ஆகஸ்ட் 25 அன்று டெக்சாஸில் ஹார்வி புயல் கரையேறி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. செப்டம்பர் 4 அன்று ஃப்ளோரிடா ஆளுநர் நெருக்கடி நிலையை அறிவித்ததும் மரக்கடைகளில் விடியலுக்கு முன்பே வரிசை நிற்கத் தொடங்கிவிட்டது. அண்ணாச்சி அதற்கும் முன்பே, எல்லோரும் மயாமியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே, ஜன்னல்களை அளந்து பலகைகளை வாங்கிப் பின்கட்டில் அடுக்கி வைத்துவிட்டார். அந்த முன்யோசனை அவருடையது. அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தாராளம் மட்டும் என்னுடையதாகிவிட்டது என்பதுதான் உறுத்தலின் ஒரு பகுதி.

சனிக்கிழமை முற்பகலில் முன்பக்கக் கண்ணாடிகளை மூடி முடித்திருந்தோம். அலுமினியச் சட்டத்தில் துளையிட முடியாது என்பதால் குறுக்கே மரச்சட்டங்களை வைத்து, இரு பக்கத்துச் சுவரிலும் ஹேமர் ட்ரில்லால் துளைத்து, கான்கிரீட்டில் இறங்கும் நீல நிற ஸ்க்ரூக்களால் பலகைகளை இறுக்கியிருந்தோம். மேற்கு ஜன்னலுக்கான இரண்டு பலகைகள் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தன. பக்கத்துக் கடைக்காரர், க்யூபாவிலிருந்து வந்து குடியேறிய முதியவர், தம் கண்ணாடியில் மூலைக்கு மூலை டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் குமிழ் விழுந்த இடங்களைத் துணிக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போடுகிற அதே நிதானத்துடன் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். டேப் எதையும் காக்காது. கண்ணாடி உடையும்போது பெரிய பெரிய சில்லுகளாக விழச் செய்யுமே தவிர வேறு பயன் இல்லை. அவரும் அதை அறிந்தே இருந்தார் என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பி, “அவை இரண்டும் உங்களுக்கு வேண்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொடு என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்வது பொய். வேண்டும் என்று சொன்னால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். நான், “எடுத்துக்கொள்ளுங்கள், நாங்களே அடித்துத் தருகிறோம்” என்றேன்.

காரணம் இருந்தது. எங்கள் வரிசைக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. காற்று எதிர்கொள்ளும் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி உடைந்தால், உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். மேலே ஓடும் காற்று அதே கூரையை உறிஞ்சி இழுக்கும். இரண்டும் சேரும்போதுதான் கூரை பெயர்கிறது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே அத்தனை கட்டடங்களைத் திறந்துபோட்ட பிறகு ஃப்ளோரிடாவின் கட்டட விதிகள் மாற்றி எழுதப்பட்டதற்கும், புயல் ஷட்டர்களையும் கண்ணாடிகளையும் சோதிக்க 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் அவற்றின் மேல் எய்து பார்ப்பதற்கும் பின்னணி இதுதான். எங்கள் கட்டடமோ அந்த விதிகளுக்கு மூத்தது. பக்கத்துக் கடையின் கண்ணாடி போனால் எங்கள் தலைக்கு மேலிருக்கும் கூரையும் சேர்ந்து போகக்கூடும். அத்துடன், புயலின் மையம் எங்களுக்கு மேற்கே கடந்தால் காற்று கிழக்கிலிருந்து தொடங்கித் தெற்குக்குத் திரும்பும். எங்கள் வரிசை முழுவதும் தெற்குப் பார்த்தது. அந்தக் கணக்கில் அவருடைய முன்கண்ணாடியைக் காட்டிலும் எங்கள் மேற்கு ஜன்னலுக்கே ஆபத்து குறைவு.

இந்த வாதத்தில் இப்போதும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஆனால் “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்ன நொடியில் இவ்வளவும் என் மனத்தில் இருந்ததா, அல்லது ட்ரில்லை எடுத்துக்கொண்டு அவர் கடை வாசலுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கூரை ஒன்று என்பது முன்பே தெரிந்ததுதான். தெரிந்திருப்பதும், அதனால் செய்வதும் ஒன்றாகிவிடுமா?

புயலும் அந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. ஞாயிறு காலை கீஸ் தீவுகளில் கட்ஜோ கீயிலும், பிற்பகலில் மார்கோ தீவிலும் கரையேறிய இர்மா, வலுவிழந்துகொண்டே உள்நாட்டில் ஏறி, எங்களுக்குக் கிழக்கே லேக்லாண்ட் பக்கமாகக் கடந்தது. கிழக்கிலும் வடகிழக்கிலும் இருந்து அடித்த காற்று டாம்பா விரிகுடாவின் நீரையே வெளியே தள்ளி அடிமண்ணைத் தெரியவைத்தது. தெற்குக் காற்று வரவே இல்லை. மையம் கடந்த பிறகு காற்று வடமேற்குக்கும் மேற்குக்கும் திரும்பியது. அதாவது, நான் மூடாமல் விட்ட ஜன்னலின் பக்கம். அதற்குள் வேகம் குறைந்துவிட்டது. அந்த ஜன்னலும் உடையவில்லை, அவருடைய கண்ணாடியும் உடையவில்லை. எது உடைந்திருந்தாலும் எனக்கு ஒரு தீர்ப்பாவது கிடைத்திருக்கும்.

அண்ணாச்சியின் பக்கத்தையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. குத்தகைப்படி கண்ணாடி எங்கள் பொறுப்பு. புயல் சேதத்துக்குக் காப்பீடு இருந்தாலும், ஹரிகேன் என்றால் நாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை காப்பீட்டு மதிப்பின் சதவீதமாகக் கணக்கிடப்படும்; வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அந்த மேற்கு ஜன்னலுக்கு உட்பக்கம் பருப்பும் மாவும் வரிசை வரிசையாக இருந்தன. மழை ஒரு மணி நேரம் உள்ளே அடித்தால் போதும், அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். சேதம் வந்தால் என் சம்பளம் குறையாது, அவருடைய சேமிப்புதான் குறையும். அவர் கேட்ட கேள்வியில் இவ்வளவும் இருந்தது. நான் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன்.

தொலைபேசி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவர் நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், பதற வைக்கக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது உண்மையும்கூட. அழைத்திருந்தால் அவர் “குடுத்துடு தம்பி” என்றே சொல்லியிருக்கக் கூடும், ஏனென்றால் கடனுக்குச் சாமான் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற மனிதர் அவர். அப்படியானால், அவருக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை நான் எடுத்துக்கொண்டேன். “வேண்டாம்” என்று சொல்லியிருந்தால், அந்த முதியவரின் முகத்தைப் பார்த்து அதை நான் சொல்லியிருக்க வேண்டும், கூரையைப் பற்றிய என் கணக்கு சரியாகவே இருந்தாலும். பொறுப்பாளர் என்று ஒருவரை வைப்பது, கேட்க நேரமில்லாதபோது அவர் முடிவெடுக்கத்தான் என்பது என் வாதம். அன்று கேட்க நேரம் இருந்தது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இப்போது நான் வேறொருவரின் கடையில் இருக்கிறேன். 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது, இரண்டு வாரத்துக்கு முன் ஹெலீன் புயல் கிளப்பிவிட்டுப் போன இடிபாடுகள் தெருவோரங்களில் இன்னும் குவிந்து கிடந்தன. அவற்றில் எது யாருடைய கண்ணாடியில் வந்து மோதும் என்பதே எல்லோர் பேச்சாகவும் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1 அன்று புயல் பருவம் தொடங்குவதற்குள் பலகைகளையும் ஸ்க்ரூக்களையும் எண்ணிப் பட்டியல் கொடுக்கிறேன். அதன் கடைசி வரியில், பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டால் கொடுக்கலாமா, எத்தனை கொடுக்கலாம் என்று எழுதிக் கேட்கிறேன். மற்ற எல்லா வரிகளுக்கும் முதலாளி தெளிவாகப் பதில் எழுதுகிறார். அந்த வரிக்கு மட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.