கதை விடுற கேம்ல கத்துக்கிட்ட இங்கிலீஷ்

இங்கிலீஷ் இடியம்ஸ் லிஸ்ட்ட எடுத்து மனப்பாடம் பண்ணிப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நூறு படிச்சாலும் பேசுறப்போ ஒண்ணுகூட வாயில வராது. நாங்க சில பேர் சேர்ந்து வாரக் கடைசில வீடியோ கால்ல ஒரு கேம் ஆடுறோம், அதுல வந்து மாட்டுனது மட்டும் மறக்கவே மாட்டேங்குது. கேம் ஒண்ணும் புதுசு இல்ல, டிக்‌ஷனரிய வச்சுக்கிட்டு ரொம்ப காலமா வீடுகள்ல ஆடிட்டு இருந்ததுதான், 1984ல கனடாவுல அத பால்டர்டேஷ்னு பேர் வச்சு பெட்டில போட்டே வித்தாங்க. எங்களுக்குப் பெட்டி எல்லாம் வேணாம், அதுல வர்ற யாருக்கும் உதவாத வார்த்தைங்களும் வேணாம், ஸ்லாங், இடியம் மட்டும்தான்.

ஒருத்தர் ஒரு இடியம் சொல்லுவாரு. மத்தவங்க ஆளாளுக்கு ஒரு பொய் அர்த்தம் எழுதி அவருக்குத் தனியா மெசேஜ் பண்ணணும், அவர் நிஜ அர்த்தத்தையும் அதோட கலந்து மூஞ்சில ஒரு ரியாக்‌ஷனும் இல்லாம வாசிக்கணும், நிஜத்தக் கண்டுபிடிச்சா பாயிண்ட், உங்க பொய்ய யாராவது நம்பிட்டாலும் பாயிண்ட். நிஜத்த டிக்‌ஷனரி நடையிலயே வாசிச்சா குட்டு உடைஞ்சிடும், அதனால எல்லாத்தையும் தன்னோட பேச்சுல மாத்தி எழுதி வச்சுக்குறது நடத்துறவரோட தலைவலி.

"பாப்ஸ் யுவர் அங்கிள்" வந்த அன்னிக்கு செம கூத்து. மாமா சிபாரிசுல வேலை வாங்குறதுன்னு ஒண்ணு, "பெரியவர் வந்துட்டாரு, அடக்கி வாசி"ன்னு எச்சரிக்கிறதுன்னு ஒண்ணு, தெரியாத ஆளுகிட்ட சொந்தம் கொண்டாடுறதுன்னு ஒண்ணு. நிஜ அர்த்தம் "அவ்ளோதான், முடிஞ்சுது வேலை", அதாவது இந்த பட்டனை அமுக்கு, அத இழு, பாப்ஸ் யுவர் அங்கிள். ஒருத்தர்கூட அதுக்கு ஓட்டுப் போடல, எல்லாரும் சிபாரிசுக்கே விழுந்துட்டாங்க. ஆனா நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லணும்னா அந்த வார்த்தைய முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்தே ஆகணும் இல்லையா, அதுலயே அது மண்டைல ஏறிடுது.

அர்த்தம் மட்டும் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறது பாதிக் கிணறு தாண்டுற கதை. "கிக் த பக்கெட்"னா சாகுறதுன்னு எல்லாருக்கும் தெரியும், 1785ல ஃபிரான்சிஸ் குரோஸ் போட்ட கொச்சை வார்த்தை அகராதிலயே அது இருக்கு. அதுக்காக அப்பாவை இழந்தவர்கிட்ட போய் அதச் சொன்னா, "உங்கப்பா மண்டையப் போட்டுட்டாராமே"ன்னு துக்கம் விசாரிச்ச மாதிரிதான். அதனால ரெண்டாவது ரவுண்டு ஒண்ணு சேர்த்தோம், இத யாரு யாருகிட்ட சொல்லுவாங்கன்னு நடிச்சுக் காட்டணும், பொருந்தலன்னா பாயிண்ட் கட். என்னைக் கேட்டா கேமே இந்த ரவுண்டுதான். "நாக்கர்டு"ன்னா செம டயர்டு, பிரிட்டிஷ்காரங்க ஃப்ரெண்டுகிட்ட சாதாரணமா சொல்றதுதான், ஆனா அத இன்டர்வியூல சொல்ற மாதிரி குரூப்ல இருக்குற அக்கா நடிச்சுக் காட்டுனப்போ, "அக்கா, தயவுசெஞ்சு நிஜமா எங்கயும் சொல்லிடாதீங்க"ன்னு எல்லாரும் கத்திட்டோம்.

இந்த ரவுண்டுல எந்த ஊர் இங்கிலீஷ்ங்கிறதும் சண்டையக் கிளப்பும். மீட்டிங்ல ஒரு விஷயத்த "டேபிள்" பண்ணலாம்னு பிரிட்டிஷ்காரர் சொன்னா இப்பவே பேச எடுக்கலாம்னு அர்த்தம், அமெரிக்கக்காரர் சொன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு ஓரங்கட்டுறது. ஒரே ஆபீஸ் கால்ல ரெண்டு பேரும் இருந்தா விளங்கிடும்.

எது எப்படி வந்துச்சுங்கிற கதைக்கு மட்டும் எங்க கேம்ல தடை. நெட்ல சுத்துறதுல பாதி ரீல். மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுறத "கேட்ஸ் அண்ட் டாக்ஸ்"னு சொல்றதுக்கு, அந்தக் காலத்துல கூரைல படுத்திருந்த நாயும் பூனையும் வழுக்கி விழுந்துச்சுன்னு ஒரு ஃபார்வர்டு வருமே, அதெல்லாம் எங்க பொய்ய விட மோசம்.

ஸ்லாங்ல சின்னப் பசங்க கைதான் ஓங்கும். ஒரு தம்பி "ரிஸ்"னு ஒண்ணு இறக்குனான், 2023ல ஆக்ஸ்ஃபோர்டு அந்த வருஷத்தோட வார்த்தையா அதத்தான் எடுத்தாங்க, ஆளை மயக்குற திறமை, கரிஸ்மாங்கிறதோட நடுவுல இருந்து வெட்டி எடுத்ததுன்னு சொல்றாங்க. அக்கா அதுக்கு எழுதுன பொய், "ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி வயித்தக் கலக்குறது". ஓட்டு மொத்தமும் அதுக்குத்தான். இப்போ குரூப்ல யாருக்கு எக்ஸாம், இன்டர்வியூ எது வந்தாலும் "காலைலேர்ந்து ஒரே ரிஸ்ஸா இருக்கு"ன்னுதான் மெசேஜ் வருது, அந்தத் தம்பி ஒவ்வொரு தடவையும் நிஜ அர்த்தத்தப் போட்டுத் திருத்திப் பார்க்குறான், ஒருத்தரும் கண்டுக்குறது இல்ல.