செயின் தடம்

அஸ்திவாரப் பள்ளத்துக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது பொக்லைன்.

ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. சாயும்போது வெளியே குதிக்கத்தான் தோன்றும். குதித்தவர் மேல் கேபினே விழுந்து நசுக்கிவிடும். இவர் பெல்ட் போட்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

என் கண் போனது, சக்கரத்துக்குப் பதில் வண்டியை நகர்த்தும் இரும்புச் செயின் மண்ணில் பதித்த தடத்தின் மேல். பள்ளத்துக்கு இணையாக, விளிம்பை ஒட்டியே போயிருந்தது. மழையில் ஊறிய மண் வேறு.

செயின் நீளவாக்கில் வண்டி நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் அவ்வளவு தாங்காது. நிறைந்த பக்கெட்டோடு கையை முழுக்க நீட்டிப் பக்கவாட்டில் திருப்பினால், எடை மொத்தமும் ஒரே செயின் மேல் ஏறும். செயின் பள்ளத்தைப் பார்த்து நின்றிருந்தால், மண் சரியத் தொடங்கியதும் பின்னால் எடுத்திருக்கலாம்.

‘டிரைவர் கவனக்குறைவு’ என்று எழுதியாயிற்று. சரி. விளிம்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று யாருமே சுண்ணாம்புக் கோடு போடவில்லையே, அதை எந்தக் காலத்தில் எழுதுவார்கள்?