மூணாவது தடவைதான் டெலஸ்கோப் டைம் கிடைச்சுது

ஸ்கூல் பொண்ணுங்க என்கிட்ட முதல்ல கேக்கறதே "அக்கா, ராத்திரி பூரா டெலஸ்கோப்ல கண்ண வெச்சு பாத்துட்டே இருப்பீங்களா"ன்னுதான். பெரிய டெலஸ்கோப்ல யாரும் கண்ண வெச்சு பாக்கறதில்லமா, கருவிதான் ஒளியப் பதிவு பண்ணும், நாம ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருப்போம். ஆனா அந்த ஒரு ராத்திரி நம்ம கைக்கு வரதுக்கு முன்னாடி ஒரு பெரிய வேலை இருக்கு, அத பத்தி எனக்கு யாரும் சொல்லல, அதான் எழுதறேன்.

அதுக்கு பேரு ப்ரொபோசல். எந்த நட்சத்திரம், ஏன் அது, ஏன் இந்த டெலஸ்கோப்தான் வேணும், எத்தனை மணி நேரம், நிலா வெளிச்சம் இருந்தா பரவால்லையா, எல்லாத்தையும் சில பக்கத்துல எழுதணும். இருக்கற ராத்திரிய விட கேக்கறவங்க ரொம்ப ஜாஸ்தி, ஒரு கமிட்டி படிச்சு முடிவு பண்ணும். நான் கேட்டது செஃபீட் நட்சத்திரங்களோட ஸ்பெக்ட்ரம், அதாவது அதோட ஒளிய நிறம் நிறமா பிரிச்சு எடுக்கற பதிவு. செஃபீட்னா வெளிச்சம் ஏறி இறங்கிட்டே இருக்கும், ஒரு தடவை ஏறி இறங்கற சுத்துக்கு எத்தனை நாள்னு தெரிஞ்சா அதோட நிஜமான பிரகாசம் தெரியும், அத வெச்சு தூரத்தயே கணக்கு போடலாம். 1912ல ஹென்ரியட்டா லெவிட்ங்கற பெண் விஞ்ஞானி கண்டுபிடிச்சு எழுதினது இது.

முதல் தடவை ரிஜெக்ட். சராசரி வெளிச்சத்த வெச்சு எக்ஸ்போஷர் (ஒளிய எவ்வளவு நேரம் பதிவு பண்ணணும்ங்கற கணக்கு) போட்டிருந்தேன், ரொம்ப மங்கலா இருக்கற நேரத்துக்கு அது பத்தாது, அவங்க சொன்னது நியாயம், உக்காந்து திருத்தினேன். ரெண்டாவது தடவையும் ரிஜெக்ட், ஆனா இந்த தடவை கணக்குல ஒரு குறையும் சொல்லல, "இத முடிக்கற அனுபவம் இவங்களுக்கு இருக்கா"ன்னு ஒரே வரி. அது ரொம்ப நாள் வலிச்சுது. விட்டுடலாம்னு நினைச்சப்ப ஒரு சீனியர் மேடம்தான் கூடவே உக்காந்து வரி வரியா படிச்சாங்க.

மூணாவது தடவை பேர் இல்லாம அனுப்பற முறை வந்துச்சு. யார் எழுதினதுன்னு கமிட்டிக்கு தெரியாது, நம்ம பழைய பேப்பரக்கூட "எங்கள் முந்தைய ஆய்வு"ன்னு சொல்லக்கூடாது, வேற யாரோ செஞ்ச மாதிரி எழுதணும். ரெண்டு ராத்திரி கிடைச்சுது! ஹப்பிள் டெலஸ்கோப்புக்கு 2018ல இப்படி பேர மறைச்சப்போ பெண்கள் தலைமைல வந்த ப்ரொபோசலுக்கு ஆண்கள விட கொஞ்சம் கூடவே அனுமதி கிடைச்சுது, அதுக்கு முன்னாடி பல வருஷமா ஆண்கள் பக்கம்தான் கூட. அறிவு அதே அறிவுதான், மறைச்சது பேர மட்டும்தான்.

முதல் ராத்திரி முழுக்க மேகம். ரெண்டாவது ராத்திரி வானம் திறந்துச்சு, முதல் ஸ்பெக்ட்ரம் ஸ்க்ரீன்ல வந்தப்ப அழுதுட்டேன்.

இப்ப ஸ்கூல் பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுக்கறப்ப "உன்னால முடியும்"னு சொல்லிட்டு வந்துடறதில்ல, கைல வேலைய குடுத்துடறேன். டெல்டா செஃபெய்னு ஒரு நட்சத்திரம், வெறும் கண்ணுக்கே தெரியும், அஞ்சு நாள் ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு சுத்து. பக்கத்துல இருக்கற ஸீட்டா, எப்ஸிலான் நட்சத்திரத்தோட ஒப்பிட்டு வெளிச்சத்துக்கு நம்பர் போடணும். ஒரு பொண்ணு நம்பர் மட்டும் மத்தவங்களோட ஒத்துப்போகல, ரப்பர எடுத்துட்டா. அழிக்காதேன்னு சொல்லி சிசிலியா பெய்ன்ங்கற வானியல் விஞ்ஞானியோட கதைய சொன்னேன். 1925ல தன்னோட தீசிஸ்ல நட்சத்திரத்துல பெரும்பகுதி ஹைட்ரஜன்தான்னு கணக்குல வந்துடுச்சு, ஆனா பெரிய விஞ்ஞானி ஹென்றி ரஸ்ஸல் ஒத்துக்கலன்னு அது நிஜமா இருக்காதுன்னு அவங்களே எழுத வேண்டியதாப் போச்சு, 1929ல அதே ரஸ்ஸல் அவங்க சொன்னது சரிதான்னு எழுதினார்.

எல்லா நாள் நம்பரையும் சேத்து கிராஃப் போட்டப்போ அவளோட புள்ளி கோட்டு மேலயே உக்காந்துச்சு. மத்தவங்க அன்னிக்கு ஒருத்தர ஒருத்தர் கேட்டு எழுதியிருக்காங்க. அவ கொஞ்ச நேரம் அதயே பாத்துட்டு, "அடுத்த சுத்தும் நானே பாக்கறேன்க்கா, யார்கிட்டயும் நம்பர் கேக்க மாட்டேன்"னா.