பித்தப்பைய எடுத்த பொறகும் வந்த வலி

ஆப்பரேஷன் முடிஞ்சி அஞ்சு மாசத்துல அதே எடத்துல அதே வலி திரும்ப வந்துச்சி, வலது பக்கம் விலாவுக்குக் கீழ இறுக்கிப் புடிச்சி முதுகு வழியா தோள்பட்ட வரைக்கும் ஏறும், ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா ரெண்டு மணி வரைக்கும் ஒக்காரவும் முடியாது படுக்கவும் முடியாது. பைதான் இல்லயே அப்பறம் என்னா வலின்னு வீட்டுல கேட்டாங்க, நானும் அதத்தான் நெனச்சேன். தோட்டத்து டிஸ்பென்சரில மூணு தடவயும் கேஸ்ட்ரிக்னு ஓமெப்ரசோல் குடுத்து அனுப்பிட்டாங்க. மாமி பெருங்காயம் கரச்சிக் குடுத்தாங்க, ஒன்னும் கேக்கல.

ஒரு நாள் காலைல ஒன்னுக்குப் போனா வெறும் சாயத்தண்ணி நெறம். வெளிக்குப் போனது களிமண்ணு மாதிரி வெளுத்துக் கெடந்துச்சி, உள்ளங்கை எல்லாம் அரிப்பு. வாசல் வெளிச்சத்துல கண்ணு மஞ்சளா இருக்கதப் பாத்த வீட்டுக்காரரு ஒடனே ஹட்டன்ல கண்டி பஸ் ஏத்திட்டாரு.

பெரியாஸ்பத்திரில டொக்டர் சிங்களத்துல சொன்னது எனக்குப் பாதிதான் வெளங்குச்சி, தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தவங்க கிளினிக் கொப்பி பின்னுக்கு படம் கீறிக் காட்டுனாங்க. பித்தம் ஊறுறது ஈரல்ல, பை அத சேத்து வைக்கிறது மட்டுந்தான், பைய எடுத்தாலும் குடலுக்குப் போற குழாய் அப்புடியே இருக்கும், அதுல ஒரு கல்லு தங்கிட்டா வழி அடச்சி பித்தம் ரத்தத்துல கலந்துரும். அந்தப் படத்த இன்னும் வச்சிருக்கேன்.

எல்எஃப்டின்னு ஈரலுக்குப் பாக்குற ரத்தப் பரிசோதனைல பிலிருபின், அதாவது பித்தத்துல உள்ள மஞ்ச நெறப் பொருள், கூடி இருந்துச்சி. சாதா ஸ்கேன்ல குழாய் வீங்குனது தெரிஞ்சிச்சே தவிர கல்லு தெரியல, எம்ஆர்சிபின்னு பித்தக் குழாய மட்டும் காட்டுற எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தப் பொறகுதான் கண்டுபுடிச்சாங்க. அப்பறம் ஈஆர்சிபி, தொண்டைல ஸ்ப்ரே அடிச்சி மயக்கம் குடுத்து வாய் வழியா டியூப் விட்டு குழாய் வாயக் கொஞ்சம் வெட்டி பலூன் வச்சி கல்ல இழுத்துட்டாங்க, வயித்துல புதுசா ஒரு தையலும் இல்ல. கணையம் வீங்குற ஆபத்து இருக்குன்னு மறுநாள் வரைக்கும் வச்சிப் பாத்துட்டுத்தான் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புனாங்க.

இப்புடி வலி வர்ற எல்லாருக்கும் கல்லுதான்னு இல்ல, ஆனா வலி வந்த ஒடனேயே எல்எஃப்டி எடுக்கக் கேளுங்க, அடங்கி நாள் போனா சில நேரம் ரிப்போர்ட் நல்லாவே வந்துரும். ஆப்பரேஷன் பண்ணி வீட்டுக்கு அனுப்பறப்ப ஆஸ்பத்திரில குடுத்த டயக்னோசிஸ் கார்டக் கையோட கொண்டு போங்க. கண்ணு மஞ்சளானதோட நடுக்கிக்கிட்டு காய்ச்சலும் வந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, குழாய்ல கிருமி ஏறிருச்சின்னா உசுருக்கே ஆபத்து, அந்தக் காய்ச்சல் வர்றதுக்கு முன்னுக்கே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்.