எட்டாவது வளைவு

துருக்கியின் இஸ்தான்புல் பார்க் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் பழைய காணொளி ஒன்று இன்று கண்ணில் பட்டது. காரிலேயே பொருத்திய கேமரா. எட்டாவது வளைவு வந்ததும் ஓட்டுநரின் ஹெல்மெட் வலப்பக்கம் சாய்ந்தது.

நிமிர நேரமே கிடைக்கவில்லை.

நான்கு திருப்பங்களை ஒட்டவைத்து ஒன்றாக்கிய மாதிரி ஒரு நீண்ட இடது வளைவு. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை பாரத்தையும் வலது முன்சக்கர டயர் தாங்க வேண்டும். போதாக்குறைக்கு மேடுபள்ளம் வேறு.

ஹெர்மன் டில்கே வடிவமைப்பில் 2005-ல் திறந்த தடம், நீளம் 5.338 கி.மீ. பெரும்பாலான தடங்கள் வலஞ்சுழி, இது இடஞ்சுழி. பழக்கமில்லாத பக்கம் இழுபடும், பாவம் கழுத்து!

டில்கே போட்ட தடங்கள் எல்லாம் ஒரே அச்சு என்று குறை சொல்பவர்கள் உண்டு. இந்த ஒரு வளைவைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் அந்த 2020 பந்தயம். புதிதாகப் போட்ட தார், மேலே மழை. பிடிமானமே இல்லை. ஆறாவதாகப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன், எட்டாவது சுற்றில் மாற்றிய டயரோடே 58 சுற்றையும் முடித்தார். காடியெல்லாம் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட அந்த டயரில்தான் அவருடைய ஏழாவது உலகப் பட்டம் வந்தது.