மலையேற்றத்தில் ஓடும் என்ஜினுக்குக் காற்றை எதைக் கொண்டு அளப்பது?

என்னுடைய கொரோலா நிற்பது தலவாக்கலையில். ட்யூனிங் செய்யப்பட்டது கொழும்பில். முழு மூச்சாக ஓட வேண்டியது நுவரெலியாவில். கடல் மட்டத்தில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கலாக இருக்கும் வளிமண்டல அமுக்கம், 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 81 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடுகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேமை மாற்றி, பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான ஈசியுவைத் தனியாகப் பொருத்தி, என்ஜினுக்குள் போகும் காற்றை எந்த முறையில் அளப்பது என்று தீர்மானிக்க உட்கார்ந்தபோது, இந்த ஐந்தில் ஒரு பங்குக் குறைவுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது.

என்ஜின் 1991 இல் வந்த 20 வால்வு 4ஏ-ஜிஇ, சில்வர் டொப். காற்றின் வழியைத் திறந்து மூடும் திறொட்டில், நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி. அவற்றுக்கு முன்னால், காற்று தள்ளத் திறக்கும் தட்டு ஒன்றைக் கொண்ட எயார் ஃப்ளோ மீற்றர். அந்தத் தட்டை அசைப்பது காற்றின் வேகம் மட்டுமல்ல, அடர்த்தியும்தான். ஆனால் அடர்த்தியின் விளைவு வர்க்கமூல அளவிலேயே தட்டில் தெரிகிறது. ஆகவே அமுக்கம் 20 வீதம் குறையும் இடத்தில் மீற்றர் அந்தக் குறைவின் பாதியைத்தான் கண்டுகொள்ளும். உயரத்துக்கென்று வேறு திருத்தம் இல்லாவிட்டால் கலவையில் பெற்றோல் 12 வீதம் வரை கூடிப்போகும். தட்டே காற்றின் வழியில் ஒரு தடையாகவும் இருப்பதால், அதைக் கழற்றுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

சூடான கம்பியால் அளக்கும் மீற்றர் காற்றின் திணிவையே நேரடியாகச் சொல்வதால், உயரத்தைப் பற்றிய கவலையே அதற்கு இல்லை. பெரிதாக மாற்றப்படாத ஒரு காரை மலைநாட்டில் ஓட்டுபவருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். என் என்ஜினுக்கு அது பொருந்தவில்லை. நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம், குறைந்த சுற்றில் காற்றைப் பின்னோக்கியும் தள்ளும். கம்பிக்குத் திசை தெரியாததால் அதே காற்றைத் திரும்பவும் எண்ணிவிடும். மீற்றருக்கு முன்னால் நேரான குழாய் வேண்டும். அதற்கு என் காரில் இடமில்லை. எண்ணெய் பூசிய ஃபில்டரின் எண்ணெய் கம்பியில் படிந்தாலும் அளவு பிசகும்.

அடுத்தது, திறொட்டிலைத் தாண்டி என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் அமுக்கத்தை அளக்கும் மெப் சென்சர். 1967 இல் பொஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரொனிக் தொகுதியே அந்தக் குழாயின் அமுக்கத்தைக் கொண்டுதான் பெற்றோலைத் தீர்மானித்தது. டர்போ பொருத்திய கார் என்றால் நான் வேறு எதையும் யோசித்திருக்க மாட்டேன். ஆனால் தனித்தனித் திறொட்டில் உள்ள என்ஜினில், மிதியைச் சிறிது அழுத்தியவுடனேயே குழாயின் அமுக்கம் வெளி அமுக்கத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் காற்று எவ்வளவு கூடினாலும் சென்சரின் எண் பெரிதாக அசையாது. நான்கு குழாய்களையும் ஒரு சிறிய அறையில் இணைத்தால் துடிப்பு அடங்கும். இந்தக் குறை தீராது.

எனவே திறொட்டிலின் கோணத்தையும் சுற்று வேகத்தையும் கொண்டு பெற்றோலைத் தீர்மானிக்கும் முறையே எஞ்சியது. கொழும்பில் ஒரு கராஜில் அப்படித்தான் செய்து தந்தார்கள்; காரை நிறுத்தி வைத்தே ஓட்டி அளக்கும் டைனோவில், முழுத் திறொட்டிலில் லாம்டா (1 க்குக் கீழே இறங்க இறங்கக் கலவையில் பெற்றோல் கூடுகிறது என்று பொருள்) 0.88 இல் அழகாக நின்றது. கம்பளையில் தேநீர் குடித்துவிட்டு, புசல்லாவை, றம்பொடை வழியாக என்ஜினை நிறுத்தாமல் ஏறி, லபுக்கலைத் தேயிலை மலைகளைத் தாண்டும்போது பார்த்தால் 0.75 க்கும் கீழே போயிருந்தது. கார் இழுக்கவில்லை, சைலன்சரில் கறுப்புப் புகை. நுவரெலியாவில் நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது.

அந்த ஒன்றுதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. ஈசியுவில் உயரத் திருத்தம் இருந்தது. ஆனால் சாவியைத் திருப்பும் கணத்தில் மெப் சென்சர் காட்டும் அமுக்கத்தையே வளிமண்டல அமுக்கமாக எடுத்துக்கொண்டு, என்ஜின் ஓடும் நேரம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து காலிக்குப் போகிறவருக்கு இது ஒருபோதும் தெரியப்போவதில்லை. கம்பளையின் 95 சொச்சம் கிலோபாஸ்கலை நினைவில் வைத்துக்கொண்டு நுவரெலியா ஏறும் எங்களுக்கு, ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பிழை கூடிக்கொண்டே போகும்.

வளிமண்டல அமுக்கத்தை மட்டும் ஓயாமல் அளக்க இரண்டாவது சென்சர் ஒன்றை டாஷ்போர்ட்டின் உள்ளே, என்ஜின் சூடும் மழையும் படாத இடத்தில் பொருத்தினேன். திறொட்டில் கோணத்தின்படி வரும் பெற்றோல் அளவு இப்போது அந்த அமுக்கத்தால் பெருக்கப்படுகிறது. காற்று வெப்பநிலைச் சென்சரையும் என்ஜின் தலைக்கு மேலிருந்து எடுத்து, ஃபில்டரின் வாய்க்குக் கொண்டுவந்தேன். றம்பொடையில் வாகன நெரிசலில் நின்று புறப்படும்போது, சூடேறிய சென்சர் காற்று மெலிந்திருப்பதாகச் சொல்லிப் பெற்றோலைக் குறைத்துவிடும் தொல்லை அதனால் குறைந்தது.

கடந்த வாரம் அதே வீதியில், நிறுத்தாமல் ஏறினேன். கம்பளையில் 0.88, லபுக்கலையில் 0.87, நுவரெலியா நகர எல்லையில் 0.86. இன்னும் மீதியிருப்பது அதிகாலைக் குளிரில் ஸ்டார்ட் செய்யும் அளவுகள். அவற்றை இந்த ஜனவரியில் தலவாக்கலையிலேயே சரிசெய்யப் போகிறேன்.