20வது ஃபிரேமில் பந்து எங்கே?

இயற்பியல் வகுப்பு. மொட்டைமாடியிலிருந்து விட்ட பந்தை போனில் எடுத்த வீடியோ திரையில் 10வது ஃபிரேமில் (வீடியோவின் ஒரு தனிப் படம்) நிற்கிறது. இறங்கியது 54 செ.மீ.

"20வதுல எங்க இருக்கும்? புள்ளி வைங்க," என்கிறார் ஆசிரியர்.

பல மாணவர்களின் விரல்கள் 108-ஐத்தான் தொடுகின்றன. இரு மடங்கு நேரம்னா இரு மடங்கு தூரமாம்!

இங்கே வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆசிரியருக்குப் பெரும்பாடு. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 வாக்கில் தொடங்கிய முறை இதுதான்: முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாக்குவாதம், மறுபடி விடை. அப்புறம்தான் வீடியோவை பிளே செய்வது.

பந்து நிற்பது 218 செ.மீ.யில்.

நான்கு மடங்கு.

படமெடுக்கும்போது நொடிக்கு 30 ஃபிரேம் போதும். போன் ஸ்டாண்டில் அசையாமல் இருக்கணும். அளவுகோலை மட்டும் போனிலிருந்து பந்து இருக்கும் அதே தூரத்தில் நிறுத்துங்க. பந்து 4 மீட்டர் தள்ளி, ஸ்கேல் 40 செ.மீ. முன்னால் இருந்தால் g (புவியீர்ப்பு முடுக்கம்) 9.8-க்குப் பதில் 8.8 என்று வரும். பழியைக் காற்றுத்தடை மேல் போடுவோம், பாவம்!

வெளிச்சம் குறைந்தால் பந்து கோடாக இழுபடும். சில போன்கள் தாமாகவே ஃபிரேமையும் குறைத்துவிடும். அப்போ கணக்கு மொத்தமும் போச்சு.